மாடியில் காய்ந்த துரைக்கண்ணு

“சூரியனையே பார்க்காத ஊர்ல உக்காந்துகிட்டு, எனக்கு வெயில் பத்தலைன்னு நீ சொல்றியா?”

மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கும் துரைக்கண்ணு, செல்போனைப் பார்த்துக் கத்தினார். கூடவே அடுக்குத் தும்மல். திரையில், கனடாவிலிருக்கும் மகள் செந்தாமரை ஸ்வெட்டருக்குள் புதைந்து இருமிக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்லலப்பா, ரத்தப் பரிசோதனை சொல்லுது. வைட்டமின் டி அடிமட்டத்துல இருக்கு. எதிர்ப்பு சக்தி இல்லாமதான் மாசாமாசம் சளி, காய்ச்சல். பேசாம கடையை மூடிட்டு அம்மாவோட இங்க வந்துடுங்க.”

கடையை மூடுவதா! ஏசி போட்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, பார்த்துப் பார்த்துக் கட்டிய கடை.

“டாக்டர் எழுதின மாத்திரையைத்தான் போடுங்களேன்,” என்றாள் மனைவி அமிர்தம்.

“வெயிலைக் காசு கொடுத்து வாங்கித் திங்கணுமா? முடியாது! வெயில்லயே ஏத்திக் காட்டுறேன்.”

“பங்குனியில மறுபடி டெஸ்ட் எடுங்க. ஏறலைன்னா கடைக்குப் பூட்டு. சரியா?” என்றாள் மகள். பின்னால் மருமகன் சிரிப்பது கேட்டது. சிரிக்கட்டும், சிரிக்கட்டும்.

மறுநாள் விடியும்போதே, மார்கழிப் பனியில் வெற்றுடம்போடு நின்று சூரிய நமஸ்காரத்தை ஆரம்பித்தார். பொங்கல் வருவதற்குள் நெஞ்சு முழுக்கச் சளி கட்டிக்கொண்டது.

பக்கத்து மருந்துக்கடை பக்கிரி தலையில் அடித்துக்கொண்டார். “காலை இளவெயில்ல டி எங்கண்ணே வரும்? உச்சி வெயில் வேணும்.”

“சளிக்கும் வெயிலுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“உடம்புக்குள்ள கிருமியோட மல்லுக்கட்டுற ஆளுங்களுக்கு டிதாண்ணே சோறு. சோறு போடலைன்னா எவன் வேலைக்கு இறங்குவான்?”

ஆள் வைத்து நடவு பார்த்த குடும்பம். அது சட்டென்று புரிந்தது. உச்சி வெயில்தானே வேண்டும்? கடைக் கண்ணாடியை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வியர்வை ஊற்றியது. ஏசியைக் கூட்டினார். முன்பக்கம் வெந்தது, முதுகு விறைத்தது, தும்மல் மட்டும் ஓயவில்லை. யூரியா வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

“கண்ணாடி வழியா வர்ற வெயில்ல டி கிடைக்காதுண்ணே,” என்றார் பக்கிரி.

“முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

அப்புறம் மாடி. இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய், பாயில் மல்லாக்கப் படுத்துவிட்டார். எதிர்மாடியில் குடை பிடித்துக்கொண்டு வற்றல் பிழிந்த மங்களாம்பிகை, தெருவுக்கே கேட்கும்படி கூவினாள்.

“அமிர்தம்! வீட்டுக்காரரைக் காயப்போட்டிருக்கியே, எப்ப திருப்பிப் போடப்போறே?”

“என் மாடி, என் வெயில்! பார்க்கிறவங்க பார்க்கட்டும்!” என்று உறுமிவிட்டுத் துரைக்கண்ணு தானே திரும்பிப் படுத்தார். படுத்தவர் தூங்கியும் போனார்.

முதுகெல்லாம் கொப்புளம். சாயங்காலமே காய்ச்சல். உரக்கடைக்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கடைத்தெருவே பேசியது. அமிர்தம் அழுதேவிட்டாள்.

மகள் அழைத்தாள். “என்னப்பா, தோத்துட்டீங்களா?”

“யாருடி தோத்தது?” படுக்கையிலிருந்து எழப் பார்த்து, “அம்மா!” என்று அலறிக் கவிழ்ந்தார்.

“பெத்தவரை ஏண்டி இப்படி உசுப்பேத்துறே?” என்று பாய்ந்தாள் அமிர்தம். “ஆமா, உனக்கு அந்த இருமல் இன்னுமா நிக்கலை?”

“என்னை விடும்மா. அப்பாவைப் பார்த்துக்க.”

முதுகு ஆறியதும் துரைக்கண்ணு நேரே நெல் காயப்போடும் களத்துக்குப் போனார். சம்பா அறுவடை முடிந்த நேரம். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களோடு கொஞ்ச நேரம் காலால் நெல்லைத் துழாவுவார், முதுகு காந்துவதற்குள் நிழலுக்கு வந்துவிடுவார். அங்கே யாரும் அவரை வேடிக்கை பார்க்கவில்லை. “ஈரப்பதம் சரியா இருக்குண்ணே, மூட்டை கட்டிடலாம்,” என்று யாராவது அவர் தோளைத் தட்டிச் சிரித்ததோடு சரி. மாசியில் ஊரே இருமியபோது அவர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

பங்குனியில் டெஸ்ட் எடுத்தார். டி ஏறியிருந்தது. ஒரு மாத்திரை இல்லாமல் ஏறியிருந்தது! முடிவைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கனடாவுக்கு அழைத்தார். சின்னப் பேத்தி எடுத்தாள். அவளுக்குப் பின்னால் செந்தாமரை இருமிக்கொண்டே எதையோ இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்கம்மாகிட்ட சொல்லுடா கண்ணு! தாத்தா ஜெயிச்சாச்சு, கடையை விட்டு எங்கயும் வரமாட்டாராம்னு சொல்லு!”

“நீங்க வரவேணாம் தாத்தா. நீங்க வெயில்லயே ஏத்திட்டா நாங்க எல்லாரும் மன்னார்குடிக்கே வந்துடணும்னு அப்பாகிட்ட அம்மா பந்தயம் கட்டியிருந்தாங்க. இப்ப பெட்டி அடுக்கிட்டிருக்காங்க!”