செவ்வாய்க்கிழமைப் பல் டாக்டர்

வயதானால் பல் நீளும் என்று உலகம் நம்புகிறது. இது பெரும்பிழை. பல் முளைத்து நின்ற நாளில் என்ன உயரமோ, சுடுகாடு வரைக்கும் அதே உயரம்தான். இறங்குவது ஈறு. தோற்றுப்போன படையைப் போல, சத்தமில்லாமல், மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்குகிறது. பல்லோ தனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

கொளஞ்சியப்பனும் அப்படித்தான் நினைத்திருந்தான். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அவன் சூளை மேஸ்திரி. பேட்டையிலேயே நீளமான, வெளுத்த பல் தன்னுடையது என்று அவனுக்குக் கர்வம். அதற்குக் காரணம் அவனே கண்டுபிடித்த பற்பொடி. சூளையில் உடைந்த கோப்பைகளை மாவாக அரைத்து ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தான். பீங்கானும் பல்லும் அண்ணன் தம்பி என்பது அவன் சித்தாந்தம். இருபது வருடமாகத் தினமும் கால் மணி நேரம் தேய்த்தான். நடுவில் எப்போதோ, பல் கூசுகிறதென்று பானைத் தண்ணீரை விட்டு வெந்நீருக்கு மாறியிருந்தான். அதை நாகரிகம் என்று சொல்லிக்கொண்டான்.

1972 சித்திரையில் அவனை அரித்தது பல் அல்ல, ஒரு பல் டாக்டர். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தவராம். செவ்வாய்தோறும் ஜங்ஷன் ரோட்டு மாடியில் உட்கார்கிறாராம். அவன் மனைவி ஆதிலட்சுமி மூன்று செவ்வாயாகப் போய் வந்துகொண்டிருந்தாள்.

"என்னா சொன்னாரு?"

"ஈறு இறங்கிப் போச்சாம். கத்தி வெச்சாதான் பல்லு நிக்குமாம்."

"எத்தினி நேரம் வாயப் பாத்தாரு?"

"அர மணி நேரம் இருக்கும். அவரு கை பூ மாதிரிங்க."

சூளையில் காய்ந்த தன் கைகளைக் கொளஞ்சியப்பன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சிரிப்பாரா?"

"முத்து கோத்த மாதிரி. ஒரு பல்லு முன்ன பின்ன கெடையாது."

பதினேழு வருடக் குடித்தனத்தில் அவன் பல்லைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கத்தின்னா எப்டி?"

"மூணு வழி இருக்குதாம். ஈறக் கிழிச்சுத் தூக்கி, அடியில இருக்கிற காரையச் சொரண்டிட்டுத் தைக்கிறது ஒண்ணு. பக்கத்துப் பல்லு ஈற இழுத்து மூடுறது ஒண்ணு."

"வேலிய நவுத்துற மாதிரியா?"

"ஆமா. பக்கத்துலயும் ஈறு இல்லன்னா, மேலண்ணத்துலேருந்து நெகத்தளவு தோல எடுத்து ஒட்டுப் போட்டுத் தைப்பாராம்."

"என் பொண்டாட்டி வாயில ஒட்டுப் போட அவன் யாரு?"

"டாக்டருங்க."

கொளஞ்சியப்பனுக்கு ஒரு யோசனை பிறந்தது. தன் பல்லைப் பார்த்தால் அந்த ஆளே அசந்து போவான். எப்படி என்று கேட்பான். டப்பாவைக் காட்ட வேண்டியதுதான். அப்புறம் ஆதிலட்சுமிக்கு டாக்டர் எதற்கு?

"வர செவ்வாக்கெழம நானும் வரேன். மொதல்ல என் வாயப் பாக்கட்டும்."

"பாத்துட்டு உங்களுக்கும் கத்தின்னு சொல்லிட்டா?"

"எனக்கா? சொன்னா அன்னிக்கே பண்ணிக்கிறேன். கொளஞ்சியப்பர் மேல சத்தியம்."

அந்தச் சாமி மேல் செய்த சத்தியத்தை மீறிவிட்டு விருத்தாசலத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அதிலும் இவனுக்குச் சாமியின் பெயர்.

"காசியம்மாக்கா, கேட்டீங்களா?" என்று ஆதிலட்சுமி குரல் கொடுத்தாள்.

"நல்லாவே கேட்டுச்சு," என்றது பக்கத்து வீடு.

செவ்வாய்க்கிழமை அவன் அரை மணி நேரம் பல் தேய்த்தான். கஞ்சி போட்ட சட்டை மாட்டினான். டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினான்.

உள்ளே எழுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். தலையில் முடி இல்லை. வாயில் பல்லும் இல்லை. இவர்களைக் கண்டதும் மேசை மேல் இருந்த டம்ளருக்குள் கைவிட்டு இரண்டு வரிசைப் பல்லையும் எடுத்து மாட்டிக்கொண்டு சிரித்தார். முத்து கோத்த மாதிரிதான் இருந்தது.

மூன்று வாரப் பொறாமை அந்த டம்ளரிலேயே கரைந்துபோனது. அந்தக் குளிர்ச்சியில் கொளஞ்சியப்பன் தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான்.

"வாங்க மேஸ்திரி. மூணு வாரமா உங்க ஈறப் பத்திதான் பேச்சு."

"என்னுதா? அவளுக்கு இல்ல?"

"அம்மாவுக்கா? அவங்களுக்குக் கரும்பு உரிக்கிற பல்லு, ஒரு கொறையும் கெடையாது. போன வாரம் உங்க பொடியக் காயிதத்துல மடிச்சுக் கொண்டாந்து காமிச்சாங்க. செங்கல்ல தேய்ச்சிருந்தாலும் இவ்ளோ கெட்டிருக்காது. எங்க, ஆ காட்டுங்க."

திறந்த வாய் திறந்தபடி இருக்க, அவர் ஒரு கம்பியால் ஒவ்வொரு பல்லாக அளந்தார்.

"கீழ மூணு பல்லு ஆடத் தயாரா இருக்குது. பக்கத்துலயும் ஈறு மிச்சமில்ல. மூணாவது வழிதான்."

கொளஞ்சியப்பன் மனைவியைப் பார்த்தான்.

"கூப்புட்டா வந்திருப்பீங்களா?" என்றாள் ஆதிலட்சுமி. "ரெண்டு வருசமா தலகாணியில ரத்தம். கேட்டா வெத்தலன்னீங்க. சத்தியம் இருக்குதுங்க, வாய நல்லாத் தொறங்க."

அன்றே ஒட்டுப் போட்டுத் தைத்து முடிந்ததும், பதினைந்து நாள் பேசக் கூடாது, ஆறின கஞ்சிதான் என்று உத்தரவாயிற்று. தகர டப்பா கிணற்றடிக்குப் போனது. அந்த வாரமே வீட்டிலிருந்த பித்தளை எல்லாம் பளபளத்தது. காசியம்மாள் தன் குத்துவிளக்குக்கு ஒரு கிண்ணம் பொடி கேட்டு வாங்கிப் போனாள்.