எழும்ப முடியாத நண்டு

உடம்பு நம் பேச்சைக் கேட்காத நாள் ஒன்று எல்லோருக்கும் வரும். வயதான பிறகு வரும் என்பார்கள். எனக்கு ஆறாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. பி.டி. பீரியடில் மற்ற பெண்கள் ஓடும்போது நான் மரத்தடியில் அவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். (அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ததில்லை. ஒரு ஜோடியை நாய் கொண்டுபோய்விட்டது.)

அப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு பள்ளிக்கூடம் உடற்கல்விக்குப் பொறுப்பாக்கியது.

மலையாளம் பேசும் ஊரில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தமிழ் வழித் தொடக்கப்பள்ளி. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். எங்களுடையதைப் போன்ற பள்ளிக்குத் தனியாக உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. இருக்கிறவர்களில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கையும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்கு ஆள் சேரவில்லை என்றால் வகுப்பே நடக்காது என்ற நிலைமை. தலைமையாசிரியை லில்லி டீச்சர் பாறசாலைக்காரர், லேசில் மனம் தளராதவர். அவர் ஒரு திட்டம் போட்டார். அக்கம்பக்கத்துப் பெற்றோரை எல்லாம் ஒரு நாள் அழைப்பது, நம் பிள்ளைகளின் விளையாட்டுகளைக் காட்டுவது, கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியையும் கூப்பிட்டு உட்கார வைப்பது.

"செல்வி டீச்சரே, ஒண்ணு இங்கோட்டு வாங்க" என்றார். "நம்மள்ல சின்ன வயசு நீங்கதானே. பி.டி. நீங்க எடுத்தா மதி."

மதி என்றால் போதும் என்று அர்த்தம். எனக்குத்தான் போதாமல் போனது.

"டீச்சர், எனக்கு ஓடவே வராது."

"அதுக்கென்ன? ஓடப்போறது பிள்ளையள் அல்லே?"

மறுக்க முடியவில்லை. ஆனால் ஒன்று. ஒரு காரியத்தை எடுத்துவிட்டால் விடமாட்டேன். சாலைக் கடைத்தெருவில் போய் வெள்ளை ஷூ வாங்கினேன். சின்னப் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சிகள் பற்றி வழிகாட்டி நூல் ஒன்றை வாங்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடிட்டுப் படித்தேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டியைவிட அசைவுதான் முக்கியம் என்று அதில் இருந்தது. தாவுதல், தவழுதல், சமநிலை, எறிதல், பிடித்தல். தலையில் புத்தகத்தோடு கோட்டின் மேல் நடப்பது, குளம்-கரை தாண்டுவது, துணிப்பந்து எறிவது என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது மிருக நடைகள்தான். தவளைத் துள்ளல், முதலை நகர்வு, நண்டு நடை.

இதில் என் சொந்த மூளையையும் கொஞ்சம் சேர்த்தேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளர்கிறவர்கள். தமிழ் வாக்கியம் பாதி வழியில் மலையாளமாக மாறிவிடும். எனவே ஒரு விதி வைத்தேன்.

"மக்களே, டீச்சர் என்ன செய்யுதேனோ அதையே நீங்களும் செய்யணும். என்ன சொல்லுதேனோ அதையே சொல்லணும். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சா!" என்றார்கள் அத்தனை பேரும்.

நான் "தவளை தாவுது" என்று சொல்லித் தாவினால் மைதானம் முழுக்கத் தவளைகள் தமிழில் தாவும். உடற்கல்வியும் மொழிக்கல்வியும் ஒரே பீரியடில்! (எனக்கு யாராவது விருது கொடுப்பார்கள் என்று ஒரு வாரம் நம்பியிருந்தேன்.)

நிகழ்ச்சிக்கு முன்னால் தினமும் விடிந்ததும் வீட்டுக் கூடத்தில் நண்டு நடை பழகினேன். உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, வயிறு கூரையைப் பார்க்க, கைகாலால் பின்னோக்கி நகர வேண்டும். என் கணவர் முருகனுக்குப் பழவங்காடியில் பாத்திரக்கடை. காப்பித் தம்ளரோடு வந்தவர் நின்றுவிட்டார்.

"ஏட்டி, என்னத்தையாவது தொலைச்சிட்டியா?"

"நண்டு நடை பழகுதேன்."

"நண்டு இப்படியா மூச்சு வாங்கும்?"

"இஞ்சேருங்க, வழியை விட்டு நில்லுங்க" என்றேன். அவர் நின்றார். நான் அவர் காலைத் தாண்டிப் போய் டிவி ஸ்டாண்டில் முட்டினேன். இருந்தாலும் நிறுத்தவில்லை.

அந்த நாள் வந்தது. மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெற்றோர்கள் நிறையவே வந்திருந்தார்கள். கோவில் பக்கம் பூ விற்கும் பேச்சியம்மாளும் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மகளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி லில்லி டீச்சர் மூன்று முறை வீட்டுக்கே போயிருந்தார். "இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துலதான் போடணும்னு இருக்கேன்" என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்திருந்தது. நடுவில் அதிகாரி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில்.

தவளைத் துள்ளல் பிரமாதமாக நடந்தது. கைதட்டல் விழுந்தது. அந்தக் கைதட்டல் என் தலைக்கு ஏறியிருக்க வேண்டும். வீட்டில் பழகியதைவிட இடுப்பை ஒரு சாண் அதிகமாகத் தூக்கினேன்.

"நண்டு நடக்குது!" என்றேன்.

"நண்டு நடக்குது!" என்று எனக்குப் பின்னால் வரிசையாக வயிறுகள் எழுந்தன.

நாலு எட்டுப் போயிருப்பேன். முதுகின் அடியில் யாரோ ஸ்பேனர் வைத்துத் திருகியதுபோல் ஒரு பிடிப்பு. கீழே இறக்கவும் முடியவில்லை, மேலே தூக்கவும் முடியவில்லை.

"அய்யோ!" என்றேன்.

"அய்யோ!" என்றார்கள் பிள்ளைகள்.

"அம்மா!"

"அம்மா!"

பெற்றோர்கள் கைதட்டினார்கள். அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம், "கொள்ளாம்! குட்டிகளுக்கு நல்ல உச்சரிப்பு" என்று பிள்ளைகளை மெச்சினார். எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. அவர் குரல் காதில் விழுந்தது. கை மடங்கி, பொத்தென்று மல்லாக்க விழுந்தேன். பின்னால் பொத்துப் பொத்தென்று அத்தனை பிள்ளைகளும் விழுந்தார்கள்.

லில்லி டீச்சருக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. சிரித்த முகம் மாறாமல் என்னிடம் வந்து குனிந்தார்.

"எந்தா டீச்சரே? இது புரோகிராம்ல உண்டா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "எழும்ப முடியல்ல" என்று கிசுகிசுத்தேன்.

"எழும்ப முடியல்ல" என்று மைதானமே கிசுகிசுத்தது.

அப்போது நிறுத்தியிருக்கலாம். யாராவது வந்து தூக்கியிருப்பார்கள். ஆனால் பேச்சியம்மாள் முன்னால், அந்த அதிகாரி முன்னால், டீச்சரைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்ற பேச்சோடு இந்த நிகழ்ச்சி முடிந்தால் ஒன்றாம் வகுப்புக்கு யார் வருவார்கள்? படுத்த நிலையிலேயே முடிவெடுத்தேன். நிற்கத்தானே முடியாது? படுத்தபடி செய்ய எவ்வளவோ இருக்கிறது! குப்புறப் புரண்டு, "முதலை நகருது" என்று முழங்கையால் நகர்ந்தேன். முதலைகள் நகர்ந்தன. ஷூ ஒன்று கழன்றது. முன்வரிசைப் பிள்ளைகள் அவசரமாக ஆளுக்கொரு செருப்பைக் கழற்றினார்கள். நகரவும் முடியாமல் போனபோது கடைசியாக நூலில் ஒன்று மிச்சம் இருந்தது. கட்டை உருளுதல். கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பக்கவாட்டில் உருள வேண்டும். இதற்கு முதுகு வளைய வேண்டாம்.

"கட்டை உருளுது!"

ஆனால் எங்கள் மைதானம் நாற்காலிகள் இருந்த பக்கம் சரிவு என்பதை நான் யோசிக்கவில்லை. நான் மெதுவாக உருண்டேன். லேசான பிள்ளைகள் என்னைத் தாண்டிக்கொண்டு வேகமாக உருண்டார்கள். அதிகாரி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். பிள்ளைகள் நாற்காலிக் காலில் மோத, அவர் நாற்காலியோடு சாய்ந்து செம்மண்ணில் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் ஆரவாரித்தார்கள்.

"ஸாரும் வந்தாச்சி!"

அவர் முகம் சிவந்தது. சட்டையில் மண். லில்லி டீச்சர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது பேச்சியம்மாளின் மகள் மடியிலிருந்து குதித்து ஓடிவந்து, அதிகாரியின் பக்கத்தில் படுத்து, ஒரு உருள் உருண்டாள். எழுந்து மேட்டுக்கு ஓடிப்போய் மறுபடியும் உருண்டுவந்தாள். "ஸாரே, இனி ஸார் உருளு!" என்றாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாகவே சிரித்துவிட்டார். உருளவில்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "ஆ டீச்சரை ஆத்யம் ஆரெங்கிலும் எழுந்நேல்ப்பிக்கு" என்றார். (அந்த டீச்சரை முதலில் யாராவது எழுப்புங்கள் என்றார். அவர் ஒருவர்தான் அதைச் சொன்னார்.)

இரண்டு அப்பாக்கள் என்னை ஒரு பெஞ்சில் கிடத்தித் தூக்கிப்போய் ஆட்டோவில் ஏற்றினார்கள். பேச்சியம்மாள் ஆட்டோவரை கூடவே வந்தாள்.

"டீச்சர், இவ வீட்டுல ஒரு எடத்துல நிக்க மாட்டா. அடிச்சும் பாத்தாச்சி. இங்க உருண்டா அடிக்க மாட்டீங்கள்லா?"

"நானே உருளுதேன், எப்படி அடிப்பேன்?"

"அப்ப இங்கயே சேத்துக்கிடுங்க."

முதுகு வலித்தது. இருந்தும் ஆட்டோவில் படுத்தபடி சிரித்தேன். அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு நடந்தது.

நான் வீட்டுக்கு வரும் முன்பே, பெற்றோரில் யாரோ எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு வந்திருந்தது. எண்ணெய், பத்து, ஒத்தடம் என்று படுத்தே கிடந்தேன். எழுந்ததும் முதல் வேலையாக ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய், எந்தத் தசையை எப்படி இறுக்க வேண்டும் என்று முறையாகக் கற்றுக்கொண்டேன். அடுத்த பருவத்தில் அதே மைதானத்தில் நண்டு நடையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடந்து முடித்தேன். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இன்றும் அந்தப் பள்ளியில் உடற்கல்வி என் பொறுப்புதான். ஆனால் குடும்பத்தில் யாருக்கு அது ஞாபகம்? நாகர்கோவிலில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோகிராபர் "எல்லாரும் நேரா நில்லுங்க" என்பார். உடனே பின்வரிசையிலிருந்து முருகன் குரல் கொடுப்பார்.

"தம்பி, ஒரு நிமிஷம். எங்க வீட்டுக்காரியால நிக்க முடியுமான்னு கேட்டுக்கிடுங்க."

போட்டோகிராபருக்கு ஒன்றும் புரியாது. மற்ற அத்தனை பேருக்கும் புரியும். அதனால் எங்கள் ஆல்பங்களில் மொத்தக் குடும்பமும் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருக்கும். நடுவில் நான் மட்டும், கொடிக்கம்பம் மாதிரி, விறைப்பாக நின்றுகொண்டிருப்பேன்.