செம்பருந்துக்கு அழுத அத்தை

மாமியாரிடம் நல்ல பேர் வாங்கப் புறப்படும் மருமகளுக்கு அன்றைக்குப் புத்தி கொஞ்சம் குறைவாகவே வேலை செய்யும். எனக்கு அறவே வேலை செய்யவில்லை.

செம்பருந்து என்று ஒரு காமிக்ஸ் நாயகன். சிவப்பு இறக்கை, வெள்ளைக் கழுத்து, ஊருக்காக உழைக்கும் உத்தமன். ஆறு புத்தகங்களாக வந்த அவன் கதையை அனிமேஷன் படமாக்கி, தமிழ் பேச வைத்து வெளியிட்டார்கள். ஆறையும் கரைத்துக் குடித்திருந்த நான், நெல்லையில் ஒரு காமிக்ஸ் வாட்ஸப் குழுவின் அட்மின். (சம்பளமில்லாத பதவிதான். தோரணை மட்டும் கலெக்டர் தோரணை.) படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அறிக்கை விட்டேன்: ‘கதையை வெளியே சொல்பவர் எவராயினும் நீக்கப்படுவார். இரக்கம் காட்டப்படாது.’

அப்போது கல்யாணமாகி நாலு மாதம். கணவருக்குக் கூடங்குளம் பக்கம் வேலை, சனிக்கிழமைதான் வருவார். பாளையங்கோட்டை வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தை களக்காட்டில் வாழைத்தோட்டம் பார்த்தவர். என்னோடு ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை பேசுவார். அதில் மூன்று ‘சாப்ட்டியா’.

“பொம்மைப் படம்தான் அத்தே. சிரிச்சிட்டு வரலாம்” என்று மதியக் காட்சிக்குக் கூட்டிப் போனேன்.

முன்வரிசை முழுக்க எங்கள் குழு ஆட்கள். எழுந்து வணக்கம் வைத்தார்கள். என் செல்வாக்கை அத்தை கவனித்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். மடியில் ஒளித்துக் கொண்டுவந்த முறுக்கைச் சத்தமில்லாமல் உடைத்துக்கொண்டிருந்தார்.

பத்தே நிமிடத்தில் செம்பருந்தை அவர் தத்தெடுத்துவிட்டார். “தாயில்லாப் பிள்ளைளா. மெலிஞ்சு போயிருக்கான் பாரு” என்றார். முகமூடி வில்லன் வந்தபோது, “ஏலே, பின்னால நிக்கான் பாரு!” என்று திரையைப் பார்த்துக் கத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் படம் மூன்றாம் புத்தகத்தோடு முடியும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முகமூடிக்காரன் ஈட்டியால் குத்த, செம்பருந்து கோபுரத்திலிருந்து விழுவான். விழுந்தான். திரை இருண்டது.

“எய்யா! என் ராசா!”

அத்தை எழுந்து நின்று மார்பில் அடித்துக்கொண்டார். “சிரிச்சிட்டு வரலாம்னியேட்டி! பிள்ளையச் சாவக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவச் சொல்லுதியா?”

அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. டார்ச் அடித்துக்கொண்டு தியேட்டர்காரர் ஓடி வந்தார். கணவருக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்:

“அழாதீங்க அத்தே! அவன் சாவல! நாலாம் புத்தகத்துல உசுரோட வருவான்! அந்த முகமூடிக்காரன் அவன் சொந்த அண்ணன்! கடைசில ரெண்டு பேரும் சேந்துருவாங்க!”

சரியாக அந்நேரம் விளக்கைப் போட்டார்கள்.

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எங்கள் குழுவின் துணை அட்மின், ஒரு கணக்கு வாத்தியார், உடைந்த குரலில் சொன்னார்: “எக்கா, ரெண்டாம் பாகம் அடுத்த வருசந்தான். நான் இன்னும் நாலாம் புத்தகமே வாங்கல.”

வாசலுக்கு வருவதற்குள் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். (தூக்குவதற்கு முன் என் அறிக்கையையே எனக்கு அனுப்பியிருந்தார்கள். இரக்கம் காட்டப்படவில்லை.)

அத்தைதான் எனக்காக நின்றார். “ஏலே, ஒரு உசுரு பொழச்ச சேதியச் சொல்லுதா. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதிய?” என்று கணக்கு வாத்தியாரைப் பார்த்து ஒரு போடு போட்டார்.

ஆட்டோவில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணங்காரன் எதுக்குளா குத்துனான்? சொத்துத் தகராறா?” நாலு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் நீளமான கேள்வி. ஆறாம் புத்தகம் வரை சொல்லி முடிப்பதற்குள் வீடு வந்து, அடுப்பில் பால் பொங்கி, மேடையெல்லாம் வழிந்துவிட்டது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ‘நாலாம் புத்தகம்’ எங்கள் வீட்டுப் பாஷையாகிவிட்டது. சீரியலில் யாராவது செத்தால், மறுபடி வருவாரா என்று அத்தை என்னைத்தான் கேட்பார். போன மாதம் மிக்ஸி புகைந்து நின்றது. திறந்து பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

அத்தை கவலையோடு குனிந்து கேட்டார்: “எய்யா, இதுக்கு நாலாம் புத்தகம் உண்டா?”