எர்த் அண்ணாச்சியின் டாக்சியில் ஓர் இரைச்சல்

"ஒரு ஒயரக் கழட்டச் சொல்லுததுக்கா மூணு வருசம் படிச்ச?" என்று என்னிடம் கேட்டவர் எர்த் அண்ணாச்சி. அவர் கண்ணில் பட்டு, எர்த் கம்பி கட்டப்படாமல் தப்பிய இரும்புச் சாமான் தாராவியில் ஒன்றுகூடக் கிடையாது.

ஒருமுறை அவர் வீட்டு வாஷிங் மெஷின் ஷாக் அடித்தது. எர்த் கட்டினார், நின்றது. அன்று முதல் அதுவே அவருக்கு மதம். பிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி எல்லாம் நியாயம்தான். இரும்புக் கட்டிலுக்கும் கட்டினார். எங்கள் வீட்டுக் கொடிக்கம்பிக்கும் கட்டிவிட்டு, இனி தைரியமாகத் துணி காயப்போடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

தொழில், டாக்சி. நிரந்தர சவாரி என்று இருந்தது ஒரே ஒருவர்: மாட்டுங்கா பாட்டு மாமி. செம்பூரில் பாட்டு வகுப்பு எடுக்கப் போகிறவர், வழியிலேயே குரலைப் பழக்கிக்கொள்வார். அதற்காக அண்ணாச்சி ஒரு பழைய எம்பி3 பிளேயரில் தம்பூரா ஏற்றி, கார் ஸ்டீரியோவில் மாட்டினார். பிளேயரின் பேட்டரி வழியிலிருக்கும் சயான் வரைகூடத் தாங்காது என்பதால் லைட்டர் சாக்கெட்டிலிருந்து சார்ஜரும் போட்டார். உடனே ஸ்பீக்கரில் ஒரு 'ஙொய்' கிளம்பியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் மேலே ஏறியது.

"என்னப்பா, நீ கியர் மாத்தினா ஸ்ருதியும் மாறறதே" என்றார் மாமி. அண்ணாச்சி ஸ்டீரியோவிலிருந்து வண்டியின் தகரத்துக்கு எர்த் கட்டினார். போகவில்லை. இன்னொன்று கட்டினார். ஏழாவது கம்பி மாமியின் சேலையில் மாட்டிக்கொண்டது. ஒருநாள் எப்படியோ அந்த இரைச்சல் தம்பூராவோடு சேர்ந்துவிட, இதே வேகத்தில் போகச் சொன்னார் மாமி. பின்னால் நான்கு பஸ்கள் ஹாரன் அடிக்க, சயான் முழுக்க வண்டி ஒரே வேகத்தில் ஊர்ந்தது. மறுநாள் மாமி பொறுமையிழந்தார். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நான் அப்போதுதான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. வண்டியைப் பார்த்தேன். எர்த் போதாமல் அல்ல, எர்த் அதிகமாகித்தான் இரைச்சல். பிளேயருக்குச் சார்ஜர் வழியாக ஒரு எர்த், பாட்டு ஒயர் வழியாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி, இன்ஜினின் மின் இரைச்சலையெல்லாம் ஸ்பீக்கருக்குள் கொண்டுவந்தன. ஒன்றைக் கழற்றச் சொன்னபோதுதான் அண்ணாச்சி அந்த மூணு வருசக் கேள்வியைக் கேட்டார்.

சார்ஜரைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றது. மூன்று நிமிடத்தில் பேட்டரி தீர்ந்து தம்பூராவும் நின்றது.

"ஏட்டி, இது இருமல நிறுத்த ஆளையே கொல்லுத வைத்தியம்லா" என்றார்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு போய், தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று வாங்கிவந்தேன். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். பாட்டு அதைத் தாண்டிப் போகும், எர்த் போகாது. பாட்டு ஒயரின் நடுவில் அதை மாட்டிவிட்டு, ஏழு கம்பிகளையும் அவிழ்க்கச் சொன்னேன். ஆறை அவிழ்த்தார். கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இது ஒன்னு கெடந்துட்டுப் போகட்டும்ட்டி, மனசுக்கு" என்றார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அதன் ஒரு முனையைக் கழற்றி, டேப் சுற்றி வைத்தேன்.

திங்கட்கிழமை நானும் முன் சீட்டில் போனேன். சார்ஜர் போட்டாயிற்று, தம்பூரா ஒலித்தது. அண்ணாச்சி மிதிக்கவே பயந்தார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மாமி கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். சயான் தாண்டியதும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வேகமாவே போலாம்ப்பா."

அண்ணாச்சி மிதித்தார். தம்பூரா அசையவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன வாரம் செம்பூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், டிப்ளமா இருந்ததால் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். டாக்சி வந்து நின்றது, பின் சீட்டில் மாமி. அன்றுபோல் முன் கதவைத் திறக்கப் போனேன். அண்ணாச்சி தடுத்தார். "காலேஜுக்குப் போற பிள்ள பின்னாலதாம்மா உக்காரணும்."

மாமி தள்ளி இடம்விட்டார். உட்கார்ந்தேன்.