மூக்கால் குளோரின் பார்த்த கதை

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தம்பி மனைவியும் நலம். அங்கு நீயும் அத்தானும், அத்தானின் முழங்காலும் நலமா என்று அறிய ஆவல். போனில் பேசினால் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. கையில் சூடாக எதுவும் வைத்துக்கொள்ளாதே.

எங்கள் குடியிருப்பில் நீச்சல் குளம் இருப்பது உனக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறவன் என்று, தினமும் காலையில் அந்தத் தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். “எங்கப்பா கிளப் நீச்சல் குளத்தையே கட்டி ஆண்டவரு” என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் பீற்றிக்கொண்டதும் ஒரு காரணம். நுணலும் தன் வாயால் கெடும். செயலாளர் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். அதில் இரண்டு குழாய், இரண்டு சொட்டு மருந்து, மஞ்சள் கட்டங்கள் போட்ட ஒரு அட்டை. குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து ஐந்து சொட்டு விட்டால் மஞ்சளாகும். அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறி இருந்தால் குளத்தில் குளோரின் தூள் போட வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். எனக்குத்தான் வரவில்லை.

முதல் நாளே பாட்டில் மாறிப்போய்க் குழாயில் இருந்த தண்ணீர் சிவப்பாகிவிட்டது. நான் போட்ட கூச்சலில், கழுத்தளவுத் தண்ணீரில் நடைபயின்றுகொண்டிருந்த மாஜி நீதிபதி ஏணியைக்கூடத் தேடாமல் கரையேறினார். அது அமிலமா காரமா என்று பார்க்கிற மருந்தாம். இரண்டாம் நாள் அட்டையைச் சட்டைப்பையில் வைத்து அப்படியே துவைக்கப் போட்டுவிட்டேன். மஞ்சளெல்லாம் போய் வெள்ளை அட்டையாக வெளியே வந்தது. உன் தம்பி மனைவி பெயின்ட் கடைக்குப் போய் ஒரு நிற அட்டை வாங்கி வந்தாள். அதில் பதினெட்டு மஞ்சள். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நாங்கள் சண்டை போட்டோம்.

“இது நம்ம படுக்கையறை மஞ்சள்டி.”

“கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க. இது மஞ்சளே இல்ல, வெறும் தண்ணி.”

மூன்றாம் நாள் பெட்டியை மூடிவிட்டு மூக்கை நம்பினேன். ஏனென்றால் குளக்கரையில் குனிந்தபோது அந்த வாசம் வந்தது அக்கா, அப்பா வாசம். கிளப்புக்குப் பின்னால் நாம் இருந்த ஒற்றை அறை வீடு ஞாபகம் இருக்கிறதா? அப்பா கிளப் குளத்து வேலை முடிந்து வரும்போது அவருக்கு முன்னால் அந்த வாசம் உள்ளே வரும். அவர் கழற்றி மாட்டிய காக்கிச் சட்டையை யார் போர்த்திக்கொண்டு தூங்குவது என்று நாம் அடித்துக்கொள்வோம். பெரும்பாலும் நீதான் ஜெயிப்பாய். ஞாயிறு மதியம் கிளப் உறுப்பினர்கள் சாப்பிடப் போனதும் நம்மைத் திருட்டுத்தனமாகக் குளத்தில் இறக்கிவிடுவாரே, “தண்ணிக்கே தெரியக் கூடாது, அப்படி நீந்தணும்” என்று. அதற்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் இருந்ததில்லை.

அந்த வாசம் வருகிற குளத்தில் குளோரின் இல்லாமல் போகுமா? பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் ஒரு பிடி தூள்கூடப் போடவில்லை. வாசம் நாளுக்கு நாள் கூடியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதினோராம் நாள் குளித்த பிள்ளைகள் அத்தனை பேரும் கண் சிவந்து வீட்டுக்குப் போனார்கள். செயலாளர் மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் சொட்டு விட்டுப் பார்த்தார். நிறமே வரவில்லை.

“துளிகூடக் குளோரின் இல்ல சார்.”

“வாசம் மூக்கத் துளைக்குதேப்பா!”

“குளோரின் தீந்துபோனாத்தான் இப்படி அடிக்கும். வேர்வை, மூத்திரம் எல்லாம் அதோட சேந்த நாத்தம் இது. ஒழுங்கா தூள் போடற குளம் நாறாது.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டேன். அப்பாவைக் கிளப்பிலிருந்து எதற்காக அனுப்பினார்கள்? தூள் போடாமல் ஏமாற்றுகிறார், அதனால்தான் பிள்ளைகள் கண் சிவக்கிறது என்றுதானே? பதினாறு வயதில் நீ மேனேஜர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “எங்கப்பாவப் பத்திப் பொய் சொன்னா உங்கள உங்க குளத்துலயே முக்கிடுவேன்” என்று கத்தினாய். அப்பா கடைசிவரை வாயே திறக்கவில்லை. ஐம்பது வருடமாக அவருக்காக நீதான் பேசிக்கொண்டிருக்கிறாய். அந்த வாசம் தூள் போடாத குளத்தின் வாசம் என்றால், மேனேஜர் சொன்னது உண்மையா அக்கா? இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னிடம் மறைக்கவும் முடியவில்லை. எப்படி இருந்தாலும் அவர் நம் அப்பா. நீயும் மனதைத் தேற்றிக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எந்தக் குளத்தில் இறங்குவதானாலும் ஒன்றுக்குப் போய்விட்டு இறங்கச் சொல்.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும்
தம்பி

பி.கு.: மேலே உள்ளதை எல்லாம் கிழித்துப் போடு. உறையை ஒட்டப்போன நேரத்தில் உன் தம்பி மனைவி பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, நான் குளத்துக்குப் போட்டுப் போன அழுக்குச் சட்டையைக் கொண்டுவந்து என் மூக்கில் வைத்து அழுத்தினாள். “மோந்து பாருங்க. என்ன வாசம்?” வேர்வையும் தலைவலித் தைலமும்தான். “தூள் போடாதவரோட சட்டை இது. குளத்து நாத்தம் குளத்தோட நின்னுபோச்சு. மாமா சட்டையில தினமும் வாசம் வந்துச்சுன்னா, அவர் தினமும் கையால தூள் அள்ளியிருக்கணும்ல?” செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினேன். இப்போது என் வேலையையும் பார்க்கிற மெக்கானிக், அன்றைய தூளைப் போட்டு முடித்துக் கை உதறிக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிப்பிடித்துத் தோளில் முகர்ந்தேன். குளத்தில் வந்தது வெறும் நாற்றம் அக்கா, இதுதான் அப்பா வாசம். “விடுங்க சார், எல்லாரும் பாக்கறாங்க” என்றார். நான் கொஞ்ச நேரம் விடவில்லை.