செல்வியின் வரனும் என் சேனலும்

நான் இந்த நாட்டுக்கு ஆபத்தானவன் என்பது, என் தங்கை செல்வியைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை என் மேல் இருந்த ஒரே குற்றம் ஹெல்மெட் போடாததுதான். இணையத்தில் அரசு எதைத் தடை செய்தாலும், காரணம் இல்லாமலா செய்வார்கள் என்று டீக்கடையில் வாதாடிய ஆள் வேறு.

வைத்திக்குப்பத்தில் மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது. மீன் வகைகளைப் பற்றி ஒரு வீடியோ சேனல் நடத்தி வந்தேன். (பார்த்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.) அந்த வாரம் மட்டும் மீனை விட்டுவிட்டு, கடலுக்குள் யாரோ நட்டிருந்த இரும்புத் தூண்களில் அப்பாவின் வலை கிழிந்ததைக் காட்டி, இதை நட்டது யார் என்று கேட்டிருந்தேன்.

உழவர்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசு வேலை. செல்விக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது காபி கொடுத்த விதத்திலேயே தெரிந்தது. அவருடைய அப்பா மரியாதைக்காக, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். வாயால் சொல்லியிருக்கலாம். டிவியில் போட்டுக் காட்டினேன்.

தேசியப் பாதுகாப்பு தொடர்பான அரசு உத்தரவின்படி இந்தச் சேனல் இந்த நாட்டில் கிடைக்காது என்று திரை முழுக்க எழுத்து வந்தது.

"நெட்டு கொஞ்சம் ஸ்லோங்க" என்று மோடத்தை அணைத்துப் போட்டேன். எழுத்து முன்னைவிடத் தெளிவாக வந்தது.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"மீன் வீடியோன்னுதான சொன்னீங்க, தம்பி?"

மறுநாள் தரகர் சொல்லி அனுப்பினார். பையன் அரசு வேலையில் இருக்கிறான், விசாரணை அது இது என்று வந்தால் தாங்காது என்றார்களாம். செல்வி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

ஏன் தடை என்று கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது: காரணம் ரகசியமானது, வெளியிட இயலாது.

அடுத்த வருடம் செல்விக்குக் கருவடிக்குப்பத்தில் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர். முதல் வரன் ஏன் தட்டிப்போனது என்று அவர் கேட்டதற்கு, "காரணம் ரகசியம், வெளிய சொல்லக் கூடாது" என்றாளாம். அன்றிலிருந்து குழம்பில் உப்பு ஏன் கூடியது என்று கேட்டால்கூட எங்கள் வீட்டில் இதுதான் பதில். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். செல்வி மட்டும் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.