காலிக் கண்டெய்னர் யார்டில் நிற்கக் கூடாது

பண்டமாரான்,
சனிக்கிழமை காலை

பாசமுள்ள மச்சான் சபாபதி அவர்களுக்கு,

பண்டமாரானிலிருந்து இராமலிங்கம் எழுதுவது. இங்கே என் முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். சாலாக் செலாத்தானில் நீங்களும் என் தங்கை அமுதவள்ளியும் கல்யாணப் பெண் தாமரையும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் போனை எடுப்பது என் தங்கை. அவள் சத்தம் போட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். சத்தம் போடாமல் "சரிண்ணே" என்று வைத்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நான் செயலாளராக இருக்கும் கிள்ளான் சங்க மண்டபத்தின் முன்பதிவுகள் அத்தனையும் நேற்று அழிந்துவிட்டன. அழித்தவன் நானே. நீங்கள் பதற வேண்டாம். தை மாதம் இரண்டாம் ஞாயிறு தாமரையின் கல்யாணம் அதே மண்டபத்தில் நடக்கும். முகூர்த்தப் புடவையும் மண்டபமும் தாய்மாமன் பொறுப்பு என்று நிச்சயதார்த்தத்தில் சபையறியச் சொன்னவன் நான்; அந்தச் சொல்லுக்கு ஒரு பழுதும் வராது. நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

என் மகள் விஷ்ணுப்ரியா பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் "கண்டெய்னர் கட்டுறேன்பா" என்பாள். நானோ கண்டெய்னர் டிப்போ வாசலில் கிளார்க்காக உட்கார்ந்தே தலை நரைத்தவன். ஏசி அறையில் யாரும் கண்டெய்னர் கட்டி நான் பார்த்ததில்லை. பெண் பிள்ளை ஏதோ பெருமைக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். பிறகு சங்கத்தில் மண்டபப் பதிவுகளையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றினார்கள். அதைப் பார்க்கவும் அதில் எழுதவும் கிளையண்ட் என்று ஒரு மென்பொருள் வேண்டுமாம். கிளையண்ட் என்றால் வாடிக்கையாளர் என்று நினைத்து நான் காப்பி வாங்கிவரச் சொன்னது தனிக்கதை. சங்கத்துக் கம்ப்யூட்டரோ பழையது. அதில் எதை ஏற்றினாலும் ஏற்கெனவே இருக்கும் இன்னொன்று சண்டைக்கு வந்தது. அப்போதுதான் என் மகள், அந்த மென்பொருளையும் அது பிழைத்திருக்கத் தேவையான சாமான்களையும் ஒரே கண்டெய்னருக்குள் வைத்து மூடிவிட்டால் யாரோடும் சண்டை வராது என்றாள். இது எனக்கு உடனே விளங்கியது. கூட்டுக் குடும்பத்தில் தனி அடுப்பு வைப்பது போலத்தான்.

கட்டும்போது நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் கட்ட வேண்டியது இமேஜ் என்றாள். என் போட்டோ எதற்கு என்று கேட்டேன். "இமேஜ்னா படம் இல்லப்பா, முறுக்கு அச்சு மாதிரி. அச்சு ஒண்ணு இருந்தா எத்தனை கண்டெய்னர் வேணும்னாலும் பிழியலாம் லா" என்றாள். பாதி கட்டும்போது ஏதோ லைப்ரரி இல்லை என்று நின்றுவிட்டது. நூலகத்துக்குப் போய் வரவா என்றேன், வேண்டாம் என்றாள். அது முடிந்ததும் போர்ட் எண் கேட்டது. வடக்குத் துறைமுகமா மேற்குத் துறைமுகமா என்று நான் கேட்பதற்குள் அவளே ஏதோ ஒரு எண்ணை அடித்துவிட்டாள். கடைசியில் கண்டெய்னர் ஓடியது, ஆனால் டேட்டாபேஸைக் காணோம் என்றது. டேட்டாபேஸ் இருக்கும் இடத்துக்கு லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியதுதான் தப்பாம். கண்டெய்னருக்குள் இருந்து அப்படிக் கேட்டால் அது தன்னைத்தானே தேடிக்கொண்டிருக்குமாம். நம் சொந்தத்திலும் அப்படிச் சிலர் உண்டு என்பதால் இதையும் புரிந்துகொண்டேன். எல்லாம் சரியானதும் அதே அச்சில் துணைச் செயலாளர் ராஜனும் வீட்டிலிருந்தே பதிவு எழுத ஒரு கண்டெய்னர் பிழிந்து கொடுத்தாள். என்னிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள்: "எழுதி முடிச்சதும் கமிட் அழுத்துங்கப்பா. அதுக்கப்புறம்தான் நிலைக்கும்." தலையாட்டினேன். அதன் பிறகு எத்தனையோ பேருடைய காரியங்களை எழுதி அழுத்தியிருக்கிறேன், ஒரு குறையும் வந்ததில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை நீங்கள் தேதியை உறுதி செய்து போன் பண்ணியதும், கையிலிருந்த ரொட்டி சானாயை அப்படியே வைத்துவிட்டுச் சங்கத்துக்குப் போனேன். தாமரை பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, காலை முகூர்த்தம், எல்லாம் எழுதினேன். எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. மீன் வாங்கப் பாசாருக்கு நான் தோளில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை. கடிகாரத்தைப் பார்த்தால் ராகு காலம். மற்றவர்களுக்கு நான் நேரம் காலம் பார்த்ததில்லை. இது நம் வீட்டுக் கல்யாணம். ராகு காலம் முடியட்டும் என்று அப்படியே திறந்து வைத்துவிட்டு, தே தாரிக் குடிக்க எழுந்து போனேன்.

திரும்பி வந்தால் பொருளாளர் சிவநேசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "அண்ணே, ஆமை மாதிரி போவுது. ஏதோ ஒண்ணு பின்னால ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க" என்றார். பார்த்தேன். கண்டெய்னர் ஒன்று வேலையில்லாமல் சும்மா நிற்கிறது என்று காட்டியது. மச்சான், டிப்போ வாசலில் நான் படித்த ஒரே பாடம், வேலை முடிந்த கண்டெய்னர் யார்டில் நிற்கக் கூடாது என்பது. நின்றால் வாடகை ஏறும், மானேஜர் கத்துவார். கை தானாகப் போனது. பக்கத்தில் குப்பைத்தொட்டிப் படம் இருந்தது, அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. டிப்போவில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, ஆமாம் என்றேன். கண்டெய்னர் போய்விட்டது. அதோடு மண்டபமும் போய்விட்டது. சிவநேசன் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "நான் ஒண்ணும் தொடலை" என்று காலி நாற்காலியிடம் சாட்சி சொன்னார். விஷ்ணுப்ரியா வேலையாக ஈப்போ போயிருந்தாள், போன் கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சஷ்டியப்தபூர்த்திக்குப் பதிந்திருந்த வீரம்மா அக்கா நேரில் வந்து, அவர் கணவருக்கு இன்னொரு முறை அறுபது வயது வராது என்பதை எனக்கு விளக்கினார். மாசி முதல் ஞாயிறு தங்களுடையது என்று ஒரே நேரத்தில் நான்கு குடும்பங்கள் சொல்கின்றன. அதில் ஒரு குடும்பத்தை நான் முன்பின் பார்த்ததே இல்லை. எல்லாரையும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பாடு திண்டாட்டம்தான். எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அளவோடு. நம் தேதி ஏட்டில் இல்லாவிட்டால் என்ன, என் நெஞ்சில் இருக்கிறது. புதுக் கண்டெய்னர் வந்ததும் முதல் பெயர் தாமரை பெயர்தான். இந்த ஊரில் இப்போது உறுதியான மண்டபம் உள்ள ஒரே கல்யாணம் நம்முடையது. ஆகவே அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.

தங்கைக்கு என் அன்பும், தாமரைக்கு என் ஆசியும், உங்களுக்கு என் வணக்கமும். மண்டப வாசலில் வாழைமரம் கட்டும்போது நேரில் பார்ப்போம்.

இப்படிக்கு,
தாய்மாமன் இராமலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் விஷ்ணுப்ரியா ஈப்போவிலிருந்து வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். "அப்பா, நீங்க குப்பையில போட்டது வெறும் ஜன்னல்தான். பதிவு எல்லாம் டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு" என்று புதிதாக ஒரு கண்டெய்னர் பிழிந்து காட்டினாள். இருந்தது. வீரம்மா அக்காவின் அறுபது இருந்தது, மாசி ஞாயிறு இருந்தது, எல்லாருடையதும் இருந்தது. தை இரண்டாம் ஞாயிறுக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றது. "தாமரைக்குக் கமிட் அழுத்துனீங்களா?" என்றாள். ராகு காலம்மா என்றேன். அழுத்தாத வரை அது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமாம். ஊரில் வேறு யார் பார்த்தாலும் அந்த நாள் காலியாம். ராஜன் தன் வீட்டிலிருந்து பார்த்திருக்கிறார், காலி. நம் சங்க உறுப்பினர் அழகிரியின் பேத்தி காதுகுத்துக்கு எழுதி, அதே ராகு காலத்தில் கமிட்டும் அழுத்திவிட்டார். ஆக, மண்டபம் இல்லாத ஒரே கல்யாணம் நம்முடையது. அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். தங்கையிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அழகிரியின் காலில் விழுந்து அந்த நாளைக் கேட்டு வாங்கக் கிளம்பிவிட்டேன். விழ முழங்கால் விடாது, இருந்தாலும் விழுவேன். வெளியே இப்போது ராகு காலம்தான் நடக்கிறது, மச்சான். பார்க்கவில்லை.